புதுச்சேரி, கடலூர் வீடுகளில் தொட்டியில் விதை போட்டு வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோரத்தில் இருக்கிற நமக்கு, கோவைக்காரர் சொல்லும் முறை பாதிதான் ஒத்துவரும். அங்கே வைகாசியில் முளைக்கிறது இங்கே முளைக்காது, அங்கே ஊற்றுகிற தண்ணீர் வேறு, இங்கே போர்வெல்லில் வருகிற தண்ணீர் வேறு. "என்ன உரம் போடலாம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எந்த மாதம் விதைத்தீர்கள், என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் பதில் அதிலேயே கிடைத்துவிடும். அதனால் அந்த இரண்டையும் முன்னால் வைத்திருக்கிறேன்.

எந்த மாதத்தில் ஆரம்பிக்கலாம்?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தொட்டிக்கும் சரிதான். ஆடியில் மாலை நேரத்து இடிமழை அவ்வப்போது வரும், வெயிலும் சித்திரை அளவுக்கு இருக்காது. கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, பாகல், புடலை எல்லாவற்றுக்கும் அதுதான் நல்ல தொடக்கம். ஐப்பசியில் அடைமழை பிடிப்பதற்குள் செடி வேர் பிடித்து நின்றுவிட வேண்டும், கணக்கு அவ்வளவுதான். புரட்டாசிக் கடைசியில் விதைத்த கீரை இரண்டு இலை விடுவதற்குள் மழை அடித்து மண்ணோடு போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் திறந்த மாடியில் விதைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். கூரையோ சன்ஷேடோ இருந்தால் அதன் கீழே தட்டுகளில் தக்காளி, செண்டுப்பூ நாற்று விட்டுக்கொண்டே இருக்கலாம். மார்கழி பிறந்ததும் நமக்கு ஆண்டின் அருமையான நாட்கள் வந்துவிடும். இரவில் 20 டிகிரி பக்கம் இறங்கும். தக்காளி, கொத்தமல்லி, முள்ளங்கி, பாலக், பெட்டூனியா எல்லாம் மாசி வரைக்கும் சந்தோஷமாக வரும். பங்குனியில் இருந்து வெயில். அக்னி நட்சத்திரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம் என்பேன், ஆனால் கேட்காமல் போடுகிறவர்கள் இருக்கிறீர்கள், அப்படியானால் தண்டுக்கீரை, புளிச்சக்கீரை, வெண்டை, சங்குப்பூ இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் பச்சை நிழல்வலையின் கீழே.

எங்கள் வீட்டுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. பரவாயில்லையா?

வளர்ந்த செடி தாங்கும், முளைக்கிற விதை தாங்காது. "விதை சரியில்லை" என்று பாக்கெட்டைத் திட்டுகிறவர்களில் நிறையப் பேர் வீட்டில் பிரச்சினை தண்ணீர்தான். மண்தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, இலையின் நுனி மட்டும் கருகிக்கொண்டு வருகிறதா, மேல்மண் காய்ந்ததும் வெளிர் படலம் தெரிகிறதா, அப்படியென்றால் உப்பு சேர்ந்திருக்கிறது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 500க்குள் இருந்தால் கவலை இல்லை. 1000 வரை சமாளிக்கலாம். 1500ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை நாற்றுத் தட்டுக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள்.

நாற்றுக்கு வேண்டிய தண்ணீர் அதிகமில்லை, ஒரு நாளைக்கு ஒரு குவளைதான். ஏசியில் இருந்து சொட்டுகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துக்கொள்ளலாம், அதில் உப்பே கிடையாது. மழைத்தண்ணீரும் அப்படியே. ஆர்.ஓ. மெஷின் கழித்து வெளியே விடுகிற தண்ணீர் மட்டும் வேண்டாம், வீணாகிறதே என்று செடிக்குத் திருப்பிவிடுகிறார்கள், ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பு மொத்தமும் அதில்தான் இருக்கிறது. பெரிய செடிகளுக்கு உப்புத்தண்ணீர்தான் வழி என்றால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை விட்டுவிட்டு, அடித்துளை வழியாக வெளியே வருகிற அளவுக்கு நிறைய ஊற்றுங்கள், உப்பும் கூடவே கழுவிக்கொண்டு போகும். கார்த்திகை மழை முடிந்ததும் செடிகள் திடீரென்று தெளிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முதல் வாரம் போட்ட உரத்துக்குப் பெருமையைக் கொடுக்காதீர்கள், மழை தொட்டியைக் கழுவிவிட்டிருக்கிறது.

பாலக் உப்பை ஓரளவு தாங்கும். பீன்ஸ் சுத்தமாகத் தாங்காது. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் காற்றிலேயே உப்பு வருகிறது. அங்கே இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் போதும், கடல் பக்கம் ஒரு தடுப்பு வலை இருந்தால் இன்னும் நல்லது.

மண் கலவைக்கு என்ன அளவு?

செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்துக்கொள்ளுங்கள். வானூர், ஆரோவில் பக்கமும் பண்ருட்டி பக்கமும் நல்ல செம்மண் கிடைக்கும். பாகூர் பக்கத்துக் களிமண் வயலுக்கு அருமையானது, தொட்டியில் இறுகிக் கட்டிப்போகும், ஆற்று மணல் கலக்காமல் போடாதீர்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது.

தென்னைநார்க் கட்டியை ஊறவைத்து அப்படியே கலந்துவிடுகிறார்கள். அதிலும் உப்பு உண்டு. ஊறியதும் பிழிந்து, தண்ணீர் மாற்றி, மறுபடி பிழிந்து, இப்படி இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேலே வரும், அதனால் பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நாற்றுத் தட்டுக்கு இந்தக் கலவை வேண்டாம். அலசிய நார்க்கழிவில் சலித்த மண்புழு உரம் கொஞ்சம் சேர்த்தால் போதும். தொழு உரம் மக்கினது போலத் தெரிந்தாலும் சூடு அடங்காமல் இருந்தால் பிஞ்சு வேர் வெந்துவிடும்.

எந்தத் தொட்டி நல்லது?

ஓட்டை இருக்கிற எதுவும் நல்லது. 20 லிட்டர் பெயிண்ட் வாளி கத்தரிக்கும் தக்காளிக்கும் மிகச் சரியான அளவு, ஒரு வாளிக்கு ஒரு செடி. கீரைக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். மீன் மார்க்கெட்டில் கழித்துப்போடும் தெர்மாகோல் பெட்டியைக் கேட்டு வாங்கி, உப்பும் நாற்றமும் போகக் கழுவி, அடியில் துளை போட்டுக்கொண்டால் கீரைக்கு அதைவிடத் தோதான பாத்தி கிடையாது, வெயிலில் வேரும் சூடாகாது. மண்தொட்டி பிடிக்கும் என்றால் புவிசார் குறியீடு வாங்கிய வில்லியனூர் சுடுமண் வேலை நம் ஊரிலேயே இருக்கிறது. சுடுமண் தொட்டி காற்றோட்டமானது, அதனாலேயே கோடையில் சீக்கிரம் காய்ந்துபோகும். கறுப்பு நிற வாளிகளை மாசிக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

விதை எங்கே வாங்குவது? நாட்டு விதையா, ஹைப்ரிட்டா?

கடலூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பாலூர் 1, பாலூர் 2 என்ற கத்தரி ரகங்கள் அங்கே உருவானவைதான், நம் மண்ணுக்கும் சூட்டுக்கும் பழகியவை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தந்த 'அண்ணாமலை' கத்தரியும் இந்த மாவட்டத்துப் பிள்ளைதான். புதுச்சேரியில் குரும்பாப்பட்டு பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். இது தவிர பெரிய மார்க்கெட் சுற்றுவட்டார விதைக் கடைகள், மதகடிப்பட்டு வாரச்சந்தை. தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு கொடுக்கும்போது கடலூர்க்காரர்கள் அதற்கும் எழுதிப்போடலாம்.

தக்காளிக்கு பி.கே.எம். 1, வெண்டைக்கு அர்கா அனாமிகா, கொத்தவரைக்கு பூசா நவ்பஹார், இவை மூன்றும் சாதாரணமாகக் கிடைக்கிற, அடுத்த முறைக்கு விதை எடுத்துவைக்கக்கூடிய ரகங்கள். எஃப்1 ஹைப்ரிட், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை, நன்றாகத்தான் காய்க்கும். அதில் விதை எடுத்துப் போட்டால் மட்டும் தாய்ச்செடி மாதிரி வராது, ஒவ்வொன்று ஒவ்வொரு மாதிரி நிற்கும். விதை சேர்க்கிற ஆசை இல்லாதவர்கள் தாராளமாக ஹைப்ரிட் போடட்டும், இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது?

பாக்கெட்டில் சோதனை செய்த தேதியும் காலாவதித் தேதியும் இருக்கும், பார்த்து வாங்குங்கள். பிங்க், பச்சை, நீலம் என்று சாயம் ஏறிய விதை மருந்து பூசியது. கையைக் கழுவுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

போன வருஷம் வாங்கிய விதை முளைக்குமா?

10 விதையை ஈரத்துணியில் மடித்து, ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். ஒரு வாரத்தில் ஏழெட்டு முளைத்தால் பிரச்சினை இல்லை. மூன்று நான்குதான் என்றால் நெருக்கமாகத் தூவுங்கள். அதற்கும் கீழே என்றால் தூக்கிப் போடலாம். மிளகாய்க்கு மட்டும் இரண்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும்.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் விதை சீக்கிரம் கெட்டுப்போகிறது, வெங்காய விதை அதில் முதல் ஆள். பிரித்த பாக்கெட்டை மேசையில் விடாமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலமோ நன்கு உலர்ந்த சாம்பலோ போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

எவ்வளவு ஆழத்தில் போடுவது?

விதையின் கனத்தைப் போல இரண்டு மடங்கு, மிஞ்சிப்போனால் மூன்று. வெண்டையை விரல் நுனி அளவு அழுத்தலாம். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண் தூவினால் போதும். பெட்டூனியா, லெட்யூஸ் விதைகளுக்கு வெளிச்சம் பட வேண்டும், மூடவே கூடாது. பாகல், புடலை, சங்குப்பூ விதைகளின் தோல் கெட்டி என்பதால் ஒரு ராத்திரி ஊறப்போட்டு விதைக்க வேண்டும். பாகல் விதையின் கூர்முனையை நகவெட்டியால் லேசாகக் கிள்ளிவிட்டால் இன்னும் சீக்கிரம் வரும்.

கீரை விதையை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடுகிறது!

விதையோடு கொஞ்சம் ரவை கலந்து தூவுங்கள். எறும்பு முதலில் ரவையைத்தான் இழுக்கும், அதற்குள் மூன்று நான்கு நாளில் கீரை முளைத்துவிடும். தொட்டி விளிம்பில் மஞ்சள்தூள் கோடு போடுகிறவர்கள் உண்டு, காற்று அடிக்கிற மாடியில் அது எத்தனை நேரம் நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முளைத்து நன்றாக இருந்த நாற்று அடித்தண்டு சுருங்கிச் சாய்ந்துவிடுகிறது. ஏன்?

நாற்றழுகல். ஈரம் அதிகம், நெருக்கம் அதிகம், காற்றோட்டம் குறைவு, இது மூன்றும் சேர்ந்தால் மண்ணில் இருக்கிற பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, மற்றவற்றைக் காப்பாற்றலாம்: சாய்ந்த இடத்து மண்ணோடு எடுத்து எறிந்துவிட்டு, தண்ணீரைக் குறைத்து, தட்டைக் காற்றுப்படும் இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்த முறை டிரைக்கோடெர்மா விரிடி என்ற, கெட்ட பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சைத் தூளை நாற்றுக் கலவையில் கலந்துவிட்டு விதையுங்கள். மேலே இருந்து ஊற்றாமல், அடியில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துக் கீழிருந்து உறிஞ்சவிடுவதும் நல்ல பழக்கம்.

நாற்று நூல் மாதிரி நெட்டுக்குத்தலாக வளர்கிறது என்பது வேறு கதை, அதற்கு வெளிச்சம் போதவில்லை. முளை தெரிந்த அன்றே காலை வெயில் படும் இடத்துக்குக் கொண்டு வந்துவிட வேண்டும்.

எப்போது எடுத்து நடுவது?

தக்காளி 25 நாள், கத்தரி 30 முதல் 35, மிளகாய் 40 நாள் வரை. சாயங்காலம் நடுங்கள், இரண்டு மூன்று நாள் நிழல் கொடுங்கள். வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, கீரை, கொடி வகைகள் எல்லாம் நேராகத் தொட்டியிலேயே விதைக்க வேண்டியவை, முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணல்தான்.

கொத்தமல்லி மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

எந்த மாதம் என்று சொல்லவில்லையே! கார்த்திகைக் கடைசியில் இருந்து மாசிக்குள் போடுங்கள். 30 டிகிரியைத் தாண்டினால் முளைப்பது குறைந்துவிடும், தப்பித்து முளைத்தாலும் நான்கு இலைக்குள் பூவெடுத்துவிடும். மளிகைக்கடை தனியாவே போதும், வறுத்ததாகவோ ரொம்பப் பழையதாகவோ இருக்கக் கூடாது. ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் இரண்டு விதை இருக்கிறது, செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, விதைத்த பிறகு மேல்மண் காயாமல் பார்த்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் முளைக்கும். அதுவரைக்கும் கிளறிப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி.

கோடையில் மல்லித்தழை வாசனைக்கு ஆசைப்படுகிறவர்கள் வெந்தயம் போட்டுக்கொள்ளுங்கள், வாசனை வேறு என்றாலும் நான்கு நாளில் முளைக்கிறது.

வேறு என்ன மூலிகை, வாசனைத் தழைகள் விதையில் வரும்?

துளசி வரும். அப்புறம் திருநீற்றுப்பச்சை. கோடையில் சர்பத்தில் போடும் சப்ஜா விதை அதனுடையதுதான். இங்கே பிரெஞ்சு, இத்தாலியச் சாப்பாட்டுக் கடைகளில் பாஸ்தாவின் மேலே வைக்கும் பேசிலும் அதே இனம், ரகம்தான் வேறு. சப்ஜாவை ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினால் ஒரு வாரத்தில் முளைக்கும், ஊறவைக்காதீர்கள், வழுவழுவென்று ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாது. பூங்கொத்து வரவர நுனியைக் கிள்ளினால் தழை மாதக்கணக்கில் கிடைக்கும்.

புதினா, கற்பூரவல்லி இரண்டுக்கும் விதை தேடி அலைய வேண்டாம், மார்க்கெட் கட்டில் இருந்து ஒரு தண்டைத் தண்ணீரில் வைத்தாலே வேர் விடும். ரோஸ்மேரி, தைம் விதைகளில் காசைப் போடாதீர்கள், மெதுவாக முளைக்கும், முளைத்ததும் நம் ஐப்பசி ஈரத்தில் அழுகும். செடியாக வாங்கி மழை படாத ஜன்னலோரம் வைத்தால் ஏதோ பிழைக்கலாம்.

பூச்செடிகளில் சுலபமானது எது?

செண்டுப்பூ, கோழிக்கொண்டை, ஜினியா, காஸ்மாஸ், காசித்தும்பை, அந்திமந்தாரை, சங்குப்பூ. செண்டுப்பூ விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும், ஆகவே ஆயுதபூஜைக்குப் பூ வேண்டும் என்றால் ஆடி முடிவதற்குள் விதைக்க வேண்டும், பொங்கலுக்கு என்றால் ஐப்பசிக் கடைசியில் கூரைக்குக் கீழே நாற்று விட வேண்டும். போன பூஜைக்கு மாட்டிய மாலையில் இருந்தே நன்கு காய்ந்த பூவை உதிர்த்து விதைத்துப் பார்க்கலாம், சில முளைக்கும், ஹைப்ரிட் என்பதால் பூ கொஞ்சம் சின்னதாக வரும். பங்குனிக்கு மேலே டேபிள் ரோஸும் நித்யகல்யாணியும்தான் வெயிலோடு மல்லுக்கு நிற்கும்.

விதவிதமான ரகங்களை நேரில் பார்க்க ஆசை என்றால், புதுச்சேரி வேளாண் துறை தாவரவியல் பூங்காவில் நடத்துகிற மலர், காய், கனிக் கண்காட்சிக்குப் போய் வாருங்கள். 1826இல் அமைத்த பூங்கா அது, மரங்களுக்காகவே ஒரு நடை போகலாம்.

தக்காளி பூக்கிறது, பூவெல்லாம் உதிர்ந்துவிடுகிறது.

சித்திரை, வைகாசியில் என்றால் செடியின் மேல் தப்பில்லை. பகலில் 35 டிகிரிக்கு மேலே போய், ராத்திரியிலும் புழுக்கம் குறையாவிட்டால் மகரந்தம் வேலை செய்யாது. மார்கழி, தையில் உதிர்கிறது என்றால் தழைச்சத்து அதிகமாகிவிட்டதா பாருங்கள், பச்சைப் பசேலென்று இலை மட்டும் அடர்ந்திருக்கும். காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிடுவதும் உதவும்.

பாகல், சுரை எல்லாம் பிஞ்சு விட்டு வெம்பிப் போகிறது.

அது இன்னும் பிஞ்சே ஆகவில்லை, மகரந்தம் படாத பெண்பூ. பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருந்தால் பெண், வெறும் காம்பாக இருந்தால் ஆண். மூன்றாவது நான்காவது மாடிக்குத் தேனீ வருவது குறைவு, நாம்தான் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் தடவ வேண்டும். நேரம் முக்கியம்: பாகல், பூசணி, வெள்ளரி காலையில் மலரும், சுரையும் பீர்க்கும் புடலையும் மாலையில் மலரும். காலை ஆறு மணிக்குச் சுரைப்பூவைத் தேடிப் போனால் வாடியதுதான் இருக்கும்.

பூச்சிக்கு என்ன அடிப்பது?

முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், அசுவினியும் மாவுப்பூச்சியும் பாதி அதிலேயே போய்விடும். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு இரண்டு சொட்டு சோப்புத் திரவம், வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்புறத்தில். வாரம் ஒருமுறை போதும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், அதற்கும் இதுவேதான், நீலநிற ஒட்டுப்பொறியும் கட்டலாம். வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாக வலை பின்னியது போலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ், மருந்து கிடையாது, அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள்.

மீன் கழுவிய தண்ணீரை ஊற்றலாமா?

உப்புப் போடாமல் கழுவியது என்றால் நன்கு தண்ணீர் கலந்து ஊற்றலாம், பூனைகள் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மீன் கழிவும் வெல்லமும் சம எடை எடுத்து மூடிவைத்து மூன்று வாரம் கழித்து வடிகட்டினால் மீன் அமிலம், லிட்டருக்கு 5 மில்லி. நாற்றுக்கு வேண்டாம், பூக்கப்போகும் செடிக்குக் கொடுங்கள்.

மொட்டை மாடி தாங்குமா?

நனைந்த மண் நிறைந்த 20 லிட்டர் வாளி 30 கிலோ பக்கம் வரும், நார்க்கழிவுக் கலவை என்றால் குறையும். சுவருக்கும் பீமுக்கும் மேலாக வரிசையாக வையுங்கள், நடுத்தளத்தில் குவிக்காதீர்கள். ஈரம் தேங்காமல் செங்கல் மேல் தூக்கி வைப்பதும் அவசியம். மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கலாமா?

வைத்தால் வாரம் இரண்டு முறை கவிழ்த்துவிட வேண்டும். டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும்.

வளர்பிறையில்தான் விதைக்கணுமா?

விதைக்கலாம், தேய்பிறையிலும் முளைக்கத்தான் செய்கிறது.

புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?

2011இல் தானே, 2020இல் நிவர், 2024இல் ஃபெஞ்சல் என்று நமக்கு இது புதிதில்லை. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, எந்தத் தொட்டியும் அதை வடிக்காது. கைப்பிடிச் சுவரின் மேல் இருக்கும் தொட்டிகளை முதல் நாளே இறக்குங்கள், செடிக்காக மட்டுமில்லை, கீழே போகிறவர் தலைக்காகவும். நிழல்வலையை அவிழ்த்துச் சுருட்டிவிடுங்கள், கட்டியபடி விட்டால் கம்பியோடு பறக்கும். தொங்கும் தொட்டிகளும் அப்படியே. மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா பாருங்கள். பந்தலில் காய் முற்றியிருந்தால் பறித்துவிட்டுக் கொடியைப் பாதியாக வெட்டுங்கள். உயரமான செடிகளை மாடிப்படி அறையின் சுவரோரம் நெருக்கி, சின்னத் தொட்டிகளைப் படுக்கப்போட்டால் தண்ணீரும் தேங்காது, உருளவும் செய்யாது. நாற்றுத் தட்டுகளை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

புயல் ஓய்ந்ததும் உரம் போடாதீர்கள். கடல் உப்பு படிந்த இலைகளை நல்ல தண்ணீரில் கழுவி, ஒடிந்ததை வெட்டி, மேல்மண்ணைக் கிளறிக் காயவிடுங்கள். கத்தரியும் மிளகாயும் அடியில் இருந்து துளிர்க்கும், தக்காளி போனது போனதுதான், அதற்கு அடுத்த தட்டு நாற்று தயாராக இருக்க வேண்டும்.

நானே விதை எடுத்துவைக்கலாமா?

ஹைப்ரிட் இல்லை என்றால் எடுக்கலாம். வெண்டையைச் செடியிலேயே காயவிடுங்கள், கத்தரியை மஞ்சளாகப் பழுக்கவிடுங்கள். தக்காளி விதையை அதன் சாற்றோடு ஒன்றிரண்டு நாள் புளிக்கவைத்தால் வழுவழுப்புப் போய்விடும், பிறகு அலசி நிழலில் உலர்த்த வேண்டும். மிளகாய் ரகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தேனீ கலந்துவிடும், பஜ்ஜி மிளகாயில் எடுத்த விதை அடுத்த வருஷம் நாக்கைப் பதம் பார்க்கும், அதனால் ஒரு பருவத்துக்கு ஒரு ரகம் வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் மேல் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள், பாகலும் மிதிபாகலும் விதையில் ஒன்று போலத்தான் இருக்கும்.